டென்வர் ரெட் ராக்ஸ்: டிக்கெட் இல்லாம போகலாம், தண்ணி போத்தல் இல்லாம போகாதீங்க

நம்ம சுங்கை சிப்புட்ல இப்ப நெறய வீட்டுப் புள்ளைங்க வெளிநாட்டுல வேலை பாக்குறாங்க, லீவு கெடச்சா அம்மா அப்பா மாமா அத்தை எல்லாரையும் வரச் சொல்லி ஊரச் சுத்திக் காட்டணும்னு ஆசைப்படுறாங்க, எங்க அக்கா மக அமெரிக்காவுல டென்வர்ல இருக்கறதால எங்க ரெண்டு குடும்பமும் போயிட்டு வந்தோம். வந்ததுல இருந்து மாமாக் கடையில உக்காந்தா போதும், அங்க என்ன பாத்தீங்க, எது நல்லா இருந்துச்சுன்னு ஆளாளுக்கு கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்லி மாளல, அதான் எழுதிட்டேன். பாத்ததுல மொத எடம் ரெட் ராக்ஸ்தான். ரெண்டாவது எடத்துக்கு எதப் போடலாம்னு எங்க வீட்டுல இன்னும் சண்ட நடக்குது, மொத எடத்துல யாருக்கும் சண்ட இல்ல.

டென்வர்ல இருந்து மேற்கால ஒரு 16 கிலோமீட்டர் போனா மோரிசன்னு ஒரு சின்ன ஊரு, அதத் தாண்டி மலை ஆரம்பிக்கற எடத்துல 700 ஏக்கருக்கு மேல ஒரு பார்க். அந்தப் பார்க்குக்குள்ள ரெண்டு பெரிய செகப்புப் பாறை எதிரும் புதிருமா நிக்குது, நடுவுல இருக்கற சரிவுல வரிசையா பெஞ்சு, கீழ மேடை, மேடைக்குப் பின்னாடி இன்னொரு பாறை. அதுதான் ஆம்பிதியேட்டர். சீட்டுக்கு மேல கூரை கெடையாது. 9,500 பேரு வரைக்கும் உக்காரலாம். பாறைங்களுக்குப் பேரு இருக்கு, ஒண்ணு ஷிப் ராக், இன்னொண்ணு கிரியேஷன் ராக், ரெண்டும் 300 அடி உயரம்னு சொல்றாங்க. 300 அடி எவ்வளவுன்னா, பத்துமலை முருகன் சிலை 140 அடி, அது மேல அதே மாதிரி இன்னொரு சிலைய ஏத்தி நிறுத்துனாலும் பாறை அதையும் தாண்டிப் போகும்.

உள்ள போக காசு கெடையாது. காடி நிறுத்தவும் காசு கெடையாது. நான் ரெண்டு தடவ திருப்பி கேட்டேன், அக்கா மக "மாமா, சும்மாதான் மாமா, எறங்குங்க"ன்னு சொல்லிச்சு. பொழுது விடியறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி தொறக்குறாங்க, பொழுது சாஞ்சு ஒரு மணி நேரம் வரைக்கும் இருக்கலாம், கச்சேரி இருக்கற நாள்ல மட்டும் மத்தியானத்துக்கு மேல ஆம்பிதியேட்டர மூடிடுவாங்க. அதனால காலையிலேயே போயிடுங்க. உலகத்துல பெரிய பெரிய ஆளுங்க பாடுன அதே மேடைக்கிட்ட பகல்ல நம்ம புள்ளைங்க ஓடிப் புடிச்சு விளையாடுதுங்க, ஒருத்தரும் வெரட்டல. எங்க தம்பி மகன் கீழ நின்னு ஒரு பாட்ட எடுத்து விட்டான், மேல இருந்து முன்னப்பின்ன தெரியாத வெள்ளக்காரங்க ரெண்டு பேரு கை தட்டுனாங்க, பயலுக்கு அன்னைக்கு முழுக்க தலைகால் புரியல.

காலையில போனா அங்க கச்சேரி கேக்க வந்தவன் எவனும் இல்ல, எல்லாம் படி ஓடுறவங்க. மேல இருந்து கீழ வரைக்கும் 380 படின்னு கணக்கு, பெஞ்சு மட்டும் 70 வரிசை. சில பேரு பெஞ்சு மேலயே ஒவ்வொண்ணா தாவித் தாவி ஏறுறான், பாக்குற நமக்கு மூச்சு வாங்குது. பத்துமலை 272 படிய நான் வருசா வருசம் ஏறுறவன், அந்த நெனப்புல இதுல கால் வச்சா வேற கதை. காரணம் படி இல்ல, உயரம். ரெட் ராக்ஸ் 6,450 அடி மேல இருக்கு, கிட்டத்தட்ட 1,970 மீட்டர், அதாவது கேமரன்ல பிரிஞ்சாங் மலை உச்சி 2,000 மீட்டர் சொச்சம்னா அதுக்குக் கொஞ்சம்தான் கீழ. நம்ம ஆளுங்க பிரிஞ்சாங்க்கு காடியில போய் எறங்கி ரெண்டு போட்டோ எடுத்துட்டு சூடா ஒரு கோப்பி குடிச்சுட்டு வந்துடுறோம், அங்க போய் யாரு 380 படி ஏறுறா? அதோட காத்து அப்படி ஒரு காய்ச்சல், நம்ம ஊரு மாதிரி சட்ட ஒட்டாது, வேர்வை வர்றதே தெரியாம காஞ்சிடும், ஆனா ஒதடு வெடிக்குது, மூக்குக்குள்ள எரியுது. அதனாலதான் தண்ணிப் போத்தல்னு தலைப்புலயே போட்டேன். வந்து எறங்குன மறுநாளே இங்க கூட்டிட்டுப் போகாதீங்க, டென்வர்ல ரெண்டு மூணு நாள் இருந்து ஒடம்பு பழகட்டும். டென்வரே ஒரு மைல் உயரத்துல இருக்கற ஊருதான். பீர் குடிக்கற அங்கிள்மாருக்கு தனியா சொல்றேன், அந்த உயரத்துல கொஞ்சம் பாத்து குடிங்க.

கலர சொல்லணும். நம்ம எஸ்டேட் ரோட்டுல லோரி போனா பறக்குற செம்மண்ணு இருக்குல்ல, அந்தக் கலர் அப்படியே பாறையா நிக்குது. எங்க அக்கா மொதல்ல சொன்னதே "டேய், நம்ம தோட்டத்து மண்ணுடா"ன்னுதான். ரெண்டுக்குமே காரணம் இரும்புதான், மண்ணுல இருக்கற இரும்பு துருப்புடிச்ச செகப்பு. ஆனா இந்தப் பாறைக்கு வயசு ஏறக்குறைய 30 கோடி வருசம். இப்ப இருக்கற ராக்கி மலைக்கு முன்னாடி அதே எடத்துல இன்னொரு மலைத்தொடர் இருந்து, அது மழையில ஆத்துல கரைஞ்சு வந்த மணலும் கூழாங்கல்லும் சேர்ந்து இறுகி பாறையாச்சு, அப்புறம் ரொம்ப காலம் கழிச்சு புது மலை கீழ இருந்து கெளம்புறப்ப இந்தப் பாறைய தூக்கி சாச்சு விட்ருச்சு. அதனாலதான் எல்லாப் பாறையும் செவுத்துல சாச்சு வச்ச பாய் மாதிரி ஒரே பக்கமா சரிஞ்சு நிக்குது. கிட்டப் போய் பாத்தா பாறைக்குள்ள கூழாங்கல் பதிஞ்சிருக்கறது தெரியும், கையால தடவிப் பாருங்க. தடவறதோட நிறுத்திக்குங்க, மேல ஏறுனா 999 டாலர் வரைக்கும் அபராதம், இல்லன்னா 180 நாள் வரைக்கும் ஜெயில்னு போர்டு வச்சிருக்கான். நம்ம பசங்க டிக் டாக்குக்காக எங்கெல்லாம் ஏறுவானுங்கன்னு தெரியும், அதான் சொல்றேன்.

இந்த எடம் எப்படி வந்துச்சுங்கறதுதான் எனக்கு ரொம்ப புடிச்ச கதை. ஆரம்பத்துல தனியார் கையில இருந்துச்சு, ஜான் பிரிஸ்பன் வாக்கர்னு ஒருத்தர், அவரு 1906-ல இருந்து 1910 வரைக்கும் சும்மா ஒரு தற்காலிக மேடை போட்டு கச்சேரி நடத்தியிருக்காரு. 1911-ல மேரி கார்டன்னு ஒரு ஓப்பரா பாடகி வந்து பாடிப் பாத்துட்டு சத்தம் அருமையா கேக்குதுன்னு பாராட்டிட்டுப் போயிருக்காங்க. அப்புறம் 1928-ல டென்வர் நகர நிர்வாகம் 54,133 டாலர் குடுத்து வாங்கிடுச்சு. கவனிங்க, டென்வர் எல்லைக்கு வெளிய இருக்கற மலை இது. நகரத்து சனங்களுக்கு மலை வேணும்னு ஊருக்கு வெளிய போய் மலைய வாங்குன நிர்வாகம். துன் சம்பந்தன் 1960-ல தோட்டத் தொழிலாளிங்கள கூட்டுறவுல சேத்து எஸ்டேட்டையே வாங்க வச்சாரு, அந்தப் பெருமை பேசுற ஊருக்காரன் நான், அதனால இந்த மாதிரி கதை கேட்டா எனக்கு சட்டுனு ஒட்டிக்கும்.

வாங்குன உடனே கட்டிடல. பார்க் இலாகாவப் பாத்துக்கிட்ட ஜார்ஜ் கிரான்மர் சிசிலியில இருக்கற பழைய கிரேக்கத் தியேட்டர பாத்துட்டு வந்து இதையும் அப்படி செய்யணும்னு நின்னவரு, வரைபடம் போட்டது பர்ன்ஹாம் ஹோய்ட்னு ஒரு கட்டடக் கலைஞர். 1936-ல ஆரம்பிச்சு 1941 ஜூன் 15-ல தொறந்தாங்க. ஹோய்ட் செஞ்ச வேலைய பாத்தா செய்யாம விட்டதுதான் அதிகம். பாறைக்கு பெயின்ட் இல்ல, வளைவு இல்ல, மேல ஒரு கோபுரம் இல்ல, பெஞ்சையும் படியையும் சரிவோட சரிவா மறைச்சு வச்சிட்டாரு, ரெண்டு ஓரமும் ஜூனிப்பர் மரம் நிக்குது. தூரத்துல இருந்து பாத்தா அங்க ஒரு கட்டடம் இருக்கறதே தெரியாது.

கட்டுனது யாருன்னா, அந்தப் பஞ்ச காலத்துல வேலை இல்லாம கெடந்த பசங்க. அமெரிக்க அரசாங்கம் சி.சி.சி.-ன்னு ஒரு திட்டம் போட்டு பதினெட்டு வயசுக்கு மேல இருக்கற வாலிபங்கள முகாம்ல தங்க வச்சு வேலை குடுத்துச்சு, மாசம் 30 டாலர் சம்பளம், அதுல 25 டாலர் நேரா வீட்டுக்குப் போயிடும், பையன் கையில 5 டாலர். அவங்க தங்குன முகாம் மோரிசன் பக்கத்துல இன்னும் அப்படியே இருக்கு, 2015-ல ஆம்பிதியேட்டரையும் இந்த முகாமையும் சேத்து தேசிய வரலாற்றுச் சின்னம்னு அறிவிச்சாங்க. நீட்டு நீட்டா மரக் கொட்டாய், வரிசையா. நான் எதுவும் சொல்லல, எங்க அக்காதான் "லயம்டா இது"ன்னு சொன்னா. அந்தப் பசங்க கையாலயே கல்லையும் மண்ணையும் அள்ளி வேலை பாத்த அதே 1941-லதான் இங்க கிள்ளான் தோட்டங்கள்ல கூலி உயர்வு கேட்டு நம்ம ஆளுங்க வேலைநிறுத்தம் பண்ணி, பட்டாளம் வந்து சுட்டுச்சு. அங்க முகாமைப் பாதுகாத்து சின்னமாக்கிட்டாங்க. நம்ம பக்கம் எத்தன லயம் மிச்சம் இருக்கு? இடிச்சிட்டு செம்பனை, இல்லன்னா தாமான். மலையும் அதே கததான், ஈப்போ போற வழியில சுண்ணாம்பு மலைங்க ஒரு பக்கம் வெள்ளையா வெட்டுப்பட்டு நிக்கறத தெனமும் பாக்குறோம். 2018-ல கிந்தா பள்ளத்தாக்கு தேசிய ஜியோபார்க் ஆச்சு, சந்தோசம்தான், ஆனா பத்து வருசத்துக்கு முன்னாடி நான் பாத்த சில மலை இப்ப பாதிதான் இருக்கு. சரி, விமர்சனத்துக்கு வர்றேன்.

கச்சேரி. நாங்க பாத்தது கித்தார் கோஷ்டி ஒண்ணு, நமக்கு ஒரு பாட்டும் தெரியாது, அக்கா மகளுக்காகப் போனோம். பாட்டு தெரியலங்கறது ஒரு பத்து நிமிசந்தான் பிரச்சனையா இருந்துச்சு. சத்தம் ரெண்டு பக்கப் பாறைக்கு நடுவுல அடங்கி நிக்குது, கடைசி வரிசைக்கிட்ட உக்காந்திருந்த எங்களுக்கு கித்தார் கம்பிய விரல் தேய்க்கற சத்தம் வரைக்கும் கேட்டுச்சு. நம்ம திருவிழாவுல ஸ்பீக்கர ஆள் ஒசரத்துக்கு அடுக்கி வச்சு நெஞ்சு அதிர விடுவோமே, அந்த அதிர்ச்சி இங்க இல்ல, அது வேணும்னு போறவங்களுக்கு ஏமாத்தமா இருக்கலாம். மோரிசன் பக்கம் வீடுங்க இருக்கறதால அந்த அதிர வைக்கற பேஸ் சத்தத்துக்கு நகர நிர்வாகம் அளவு வச்சிருக்கு. இன்னொண்ணு, சொன்ன நேரத்துக்கு ஆரம்பிச்சிட்டாங்க. டத்தோ வரல, டத்தின் வரல, பொன்னாடை இல்ல, மைக்க புடிச்சு முக்கா மணி நேரம் வரவேற்புரை இல்ல. என் பொண்டாட்டிக்கு இந்த ஒண்ணுக்காகவே அமெரிக்கா புடிச்சிடுச்சு.

இருட்டுனதும் மேடைக்கு பின்னால டென்வர் நகரத்து வெளிச்சம் முழுசா தெரியுது, அந்தப் பக்கம் எல்லாம் சமவெளி, எங்கயோ தூரத்துல மின்னல் அடிக்கறது கூட தெரிஞ்சுது. மேடையில வெளக்கு மாறுறப்ப பாறையும் கூட கலர் மாறுது. பின்னாடி பெரிய எல்.இ.டி. திரை வச்சு ஜோடிக்கறத விட இது எவ்வளவோ மேல்.

இங்க யாரெல்லாம் பாடியிருக்காங்கன்னு அக்கா மகன் லிஸ்ட் சொன்னான். 1964 ஆகஸ்ட் 26-ல பீட்டில்ஸ் வந்திருக்காங்க, டிக்கெட் 6 டாலர் 60 சென், அது கூட முழுசா விக்கலையாம், நம்பவே முடியல. 1968-ல ஜிமி ஹென்ட்ரிக்ஸ். 1983 ஜூன் 5-ல யூ2 கொட்டுற மழையில பாடி அத படம் புடிச்சு வெளியிட்டதுல இந்த எடம் உலகம் பூரா தெரிஞ்சுது. நடுவுல ஒரு கூத்தும் நடந்திருக்கு, 1971-ல ஜெத்ரோ டல் கச்சேரிக்கு டிக்கெட் இல்லாதவங்க திரண்டு வந்து உள்ள நொழையப் பாத்து, போலீஸ் கண்ணீர்ப் புகை அடிச்சு, பாடுறவங்களே கண்ண தொடச்சிக்கிட்டு பாடியிருக்காங்க, அதுக்கப்புறம் அஞ்சு வருசம் ராக் கச்சேரிக்கே தடை. வெளிப்புற மேடைக்கு குடுக்கற ஒரு விருத இது திரும்பத் திரும்ப ஜெயிச்சு, கடைசியில அந்த விருதுக்கே ரெட் ராக்ஸ் பேர வச்சிட்டாங்க, மத்தவங்களுக்கும் ஒரு வாய்ப்பு வேணும்ல.

மழைய பத்தி சொல்லியே ஆகணும், நம்ம ஆளுங்க மழைன்னா சாதாரணமா எடுத்துக்குவோம். அங்க கோடையில, ஜூலை ஆகஸ்ட்ல, சாயங்காலம் திடீர்னு இடியோட மழை வரும், கூரை இல்ல, மழைக்காக கச்சேரிய நிறுத்த மாட்டாங்க, இடி மின்னல் ரொம்ப மோசமா போனாதான் எல்லாரையும் வெளிய அனுப்புவாங்க. கொடைக்கு உள்ள அனுமதி இல்ல, பிளாஸ்டிக் மழைக்கோட்டு வாங்கி வச்சுக்குங்க. மழைத்தண்ணி ஐஸ் மாதிரி குளிருது. ஆலங்கட்டி வேற விழும், 2023 ஜூன் 21-ல லூயிஸ் டாம்லின்சன் கச்சேரிக்கு வந்தவங்கள்ல எண்பது பேருக்கு மேல ஆலங்கட்டி அடிச்சு காயம்னா பாத்துக்குங்க. மழை வரலன்னாலும் பொழுது சாஞ்சா குளிரு ஏறும். மத்தியானம் வெயில்ல நிக்கறப்ப ஜாகெட் எதுக்குன்னு தோணும், எடுத்துட்டே போங்க.

மூட்டு வலிக்காரங்களுக்கு. எங்க அக்காவுக்கு முட்டி தேய்மானம், அவளால எப்படி முடியும்னு எனக்கு கவலை. காடிய மேல நிறுத்துற எடத்துல நிறுத்துனா மேல் வாசல் வழியா உள்ள போகலாம், கீழ நிறுத்துனீங்கன்னா ஏத்தம்தான், பேசாம திரும்பிடலாமான்னு தோண வச்சிடும். சக்கர நாற்காலிக்காரங்களுக்கும் நடக்க முடியாதவங்களுக்கும் 1-வது வரிசையும் 70-வது வரிசையும் ஒதுக்கியிருக்காங்க, டிக்கெட் எடுக்கறப்பவே அத பாத்து எடுக்கணும், அங்க போய் கெஞ்சிக்கிட்டு நிக்கக் கூடாது. மேல் வரிசை கெடச்சா மனசு ஒடஞ்சிடாதீங்க, கீழ உக்காந்தவனுக்கு மேடை தெரியும், மேல உக்காந்தவனுக்கு மேடையும் தெரியும் பாறையும் தெரியும் ஊரும் தெரியும். நிறைய கச்சேரிக்கு சீட் நம்பரே கெடையாது, முன்னாடி வந்தவனுக்கு முன்னாடி எடம், அதுக்காக கேட் தொறக்கறதுக்கு முன்னாடியே வந்து வரிசையில நிக்கறாங்க.

டிக்கெட்ட ஏ.எக்ஸ்.எஸ். தளத்துல எடுங்க, அதுதான் அதிகாரப்பூர்வமானது. மறுவிற்பனை பண்ற ஒரு தளத்துல அக்கா மகளோட சிநேகிதி அவசரப்பட்டு வாங்கி மூணு பங்கு வெலை குடுத்திருக்கா, தேடுறப்ப அதுதான் மொதல்ல வந்து நிக்குமாம்.

பாறை பாத்துட்டு உடனே கெளம்பாதீங்க. டிரேடிங் போஸ்ட்டுன்னு ஒரு பழைய கட்டடம் கீழ இருக்கு, அங்க இருந்து அதே பேருல ஒரு நடைபாதை கெளம்புது, 1.4 மைல், அதாவது 2 கிலோமீட்டர் சொச்சம், பாறைகளுக்கு நடுவுல ஏறி எறங்கி சுத்தி வந்த எடத்துக்கே வந்து சேரும். எனக்கு ஆம்பிதியேட்டரை விட இதுதான் புடிச்சுது, கூட்டம் இல்ல, மான் மேயுது. பாம்பு ஜாக்கிரதைன்னு போர்டு இருந்துச்சு, வால ஆட்டி சத்தம் போடுற பாம்பு. செம்பனைக்குள்ள சொல்லாம கொள்ளாம வர்ற நாகத்தோட வளந்தவங்க நாம, சொல்லிட்டு வர்ற பாம்பு எவ்வளவோ மரியாதையான பாம்புன்னு எங்க மச்சான் சொன்னாரு. ஸ்லிப்பர் போட்டுட்டு போகாதீங்க, நல்ல சப்பாத்து வேணும், மணல் சறுக்கும். புள்ளைங்க இருந்தா பக்கத்துலயே டைனோசர் ரிட்ஜ்ன்னு ஒரு எடம், பாறையில டைனோசர் காலடித் தடம் இருக்கு, 1877-ல ஆர்தர் லேக்ஸ்னு ஒரு வாத்தியாரு மோரிசன் பக்கத்துலதான் முதுகுல தகடு தகடா இருக்குமே அந்த ஸ்டெகோசாரஸ் எலும்ப மொத மொதல்ல கண்டெடுத்தாரு. எங்க தம்பி மகன அங்க இருந்து கெளப்புறதுக்குள்ள போதும்னு ஆயிடுச்சு.

மார்க் போடணும்னா பகல்ல சும்மா போறதுக்கு அஞ்சுக்கு அஞ்சு, ராத்திரி கச்சேரிக்கு நாலு. அந்த ஒரு மார்க் கொறச்சது எடத்துக்காக இல்ல, கச்சேரி முடிஞ்சு வெளிய வர்றதுக்காக. அந்த மேடைக்குன்னு டவுன்ல இருந்து பொது பஸ் எதுவும் ஓடறதில்ல, எல்லாம் காடி, எல்லாம் ஒரே நேரத்துல ஒரே மலை ரோட்டுல எறங்குது. வாடகைக் காடிய நம்பிப் போறவங்க போறது சுலபம், திரும்புறதுக்கு பல ஆயிரம் பேரு ஒரே நேரத்துல ஃபோன தட்டுவாங்க, வெலையும் ஏறும். சொந்தக் காடி இருந்தாலும் அவசரப்பட்டு என்ஜின உயிர்ப்பிச்சு வரிசையில நிக்காதீங்க. நாங்க காடியோட பின் கதவத் தொறந்து வச்சு, அக்கா காலையிலேயே செஞ்சு கட்டிட்டு வந்த புளிச்சோறையும் நெத்திலி சம்பலையும் பிரிச்சு சாப்பிட்டோம், பக்கத்து காடிக்காரன் வாசம் புடிச்சு எட்டிப் பாத்தான், அவனுக்கும் ஒரு தட்டு குடுத்தோம், சம்பல் ஒறைச்சு கண்ணுல தண்ணி வந்தாலும் விடல, ரெண்டாவது தடவயும் கேட்டு வாங்கித் தின்னான். அதுக்குள்ள முன்னாடி இருந்த வரிசை காலியாயிடுச்சு.